பராமரிப்பவர்: ரெக்ஸ்

ஒரு டெஸ்ட் மட்டும் தோற்றிருந்தது. திரையின் அடியில் சிவப்பில் இரண்டு வரி: எதிர்பார்த்தது 29. கிடைத்தது 30.

ஆஸ்லின் அதைப் படித்துவிட்டு எழுந்து போய், கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோதும் அந்த இரண்டு வரியும் அப்படியே இருந்தன.

அந்த டெஸ்ட் சரிபார்த்தது, தேதியையும் நேரத்தையும் கணக்கிடும் ஒரு லைப்ரரியை. இன்றிலிருந்து நூறாவது நாள் என்ன கிழமை, ஷார்ஜாவில் ஒன்பது மணி என்றால் தங்கச்சிமடத்தில் என்ன மணி என்பதையெல்லாம் மற்ற புரோகிராம்கள் இதனிடம் கேட்டுக்கொள்ளும். எழுதியவர்கள் எங்கோ வெளிநாட்டில் இருந்தார்கள். அதை ஒரு லினக்ஸ் இயங்குதளத்தில் எவரும் நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டித் தந்தவன் அவளுடைய அண்ணன் ரெக்ஸ். சம்பளம் கிடையாது. இப்படிச் சும்மா செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒவ்வொரு பேக்கேஜிலும் 'பராமரிப்பவர்' என்று ஒரு வரி உண்டு. இதில் ரெக்ஸின் பெயர் இருந்தது. தமிழ்க் கிழமைப் பெயர்களை அதில் சேர்த்ததும் அவன்தான். கம்ப்யூட்டர் வேலை வந்தால் வீட்டில் உட்கார்ந்து செய்வான். வராத நாட்களில் அய்யாவின் வள்ளத்தில் போவான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே ஆஸ்லின் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள்.

அக்டோபரில் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரை வேறொரு படகு ஏற்றிக்கொண்டு வந்தது. ரெக்ஸ் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்று வாங்க ஏழு வருடம் ஆகவேண்டும் என்று அய்யாவிடம் அலுவலகத்தில் சொன்னார்கள். அம்மா லீமாரோஸ் அதைப் பற்றிப் பேசவில்லை. கோயிலில் இறந்தவர்களுக்கான பூசைக்கும் அவள் பெயர் கொடுக்கவில்லை.

போன் அடித்தது. சதக்கத்துல்லா. தொண்டிக்காரன், ரெக்ஸோடு கல்லூரியில் படித்தவன், இப்போது ஷார்ஜாவில் வேலை. அவனும் இதே இயங்குதளத்துக்குப் பேக்கேஜ் கட்டுகிறவன். மற்றவர்கள் கட்டியதைச் சரிபார்த்து ஏற்றும் உரிமையும் அவனிடம் இருந்தது.

"பாத்தியா ஆஸ்லின்?"

"பாத்தேண்ணே. வயசு டெஸ்ட்டு."

"அதேதான். பொறந்த தேதியக் குடுத்தா வயசச் சரியாச் சொல்லுதான்னு பாக்குறதுக்கு, அந்தப் பய சொந்தப் பொறந்த தேதியவே போட்டு வச்சிருக்கான். அன்னிக்கே சொன்னேன், ஏலே, அடுத்த வருஷம் இது ஒடையும்லேன்னு. 'பொறந்தநாளுக்குப் பொறந்தநாள் நான் மாத்திக்கிறேன், நீ பிரியாணிக்கு மட்டும் வழி பண்ணு'ங்குறான்."

"மாத்துனான்ல வருஷா வருஷம்."

"மாத்துனான். கேக்கு வெட்டுற மாதிரி."

பிப்ரவரியில் ரெக்ஸின் பிறந்தநாள் வந்து போயிருந்தது. இப்போது மார்ச்.

"இன்னிக்குச் சாயங்காலத்தோட கதவச் சாத்துறாங்க. ஒடஞ்ச பேக்கேஜ் புது வெளியீட்டுல போகாது. அதனால மொதல்ல அந்த டெஸ்ட்டச் சரி பண்ணு."

"முப்பதுன்னு மாத்திரவா?"

"மாத்துனா அடுத்த பிப்ரவரியில திரும்ப ஒடையும். டெஸ்ட்டுக்குள்ள 'இன்னிக்கு'ங்கிறத ஏதாவது ஒரு தேதியில நிறுத்திரு. அப்புறம் எப்ப ஓட்டுனாலும் இருபத்தொம்பதுதான்."

அவன் பக்கம் ஏதோ லாரி பின்னால் வரும் சத்தம் மட்டும் கேட்டது.

"வேற என்னண்ணே?"

"பேரு. அவனுக்கு மெயில் மேல மெயில் போட்டுப் பாத்துட்டாங்க. பதில் சொல்லாத ஆளு பேர்ல பேக்கேஜை விட மாட்டாங்க. அவன் பேர எடுத்துட்டு ஒம் பேரப் போடு. ஏன் எடுத்தோம்னு மாற்றக் குறிப்புல ஒரு வரி எழுதணும்."

"நீங்களே செஞ்சிரலாம்லண்ணே."

"உக்காந்தேன். கை வரல. ஒனக்கும் வரலைன்னா விட்ரு. இந்த வெளியீட்டுல இருக்காது. அவன் போட்ட தமிழ்க் கிழமையும் அதோட போயிரும். அம்புட்டுத்தான்."

அவள் டெஸ்ட்டைத் திறந்தாள். அவனுக்கு இருபத்தொன்பது வயதாக இருந்த எந்தத் தேதியும் பொருந்தும். ஆகஸ்டில் ஒரு நாளைப் போட்டாள். அந்த நாளில் எதுவும் நடந்ததாக அவளுக்கு நினைவில்லை.

இப்படித் திருத்தினால், கம்ப்யூட்டரின் கடிகாரத்தை எதிர்காலத்துக்குத் தள்ளிவைத்தும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒரு வருடம் தள்ளினால் போதும். அவள் ஏழு என்று அடித்தாள். ஓட ஆரம்பித்தது.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

"ரெக்ஸ் வீடுதானம்மா? நான் யோகேஸ்வரன், கூடப் படிச்சவன். முதுகுளத்தூர்லருந்து வாரேன். இவ்வளவு நாளா சிங்கப்பூர்ல இருந்தேன். அவனுக்குப் போன் போட்டா போக மாட்டேங்குது."

லீமாரோஸ் முற்றத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கடலுக்குப் போயிருக்கான்" என்றாள்.

"எப்ப வருவான்?"

"சொல்ல முடியாது தம்பி. காத்தப் பொறுத்தது."

"எனக்குக் கல்யாணம்மா. அவன் வராம தாலி கட்ட மாட்டேன், மாப்பிள்ளை மணவறையில தூங்கிருவான்னு சொல்லுங்க."

"பொண்ணு எந்த ஊரு?"

"பரமக்குடிம்மா."

"சொல்லுறேன். தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவன் குடித்துவிட்டுப் போனான். லீமாரோஸ் அவன் கொடுத்த கல்யாணப் பத்திரிகையை உள்ளே கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேசையில் வைத்தாள். ரெக்ஸுக்கு வருவதையெல்லாம் அங்கேதான் வைப்பாள்.

"என்ன ஓடுது?"

"அண்ணன் கட்டுனது."

"அவன் பேரு எங்கன இருக்கு?"

ஆஸ்லின் இன்னொரு ஜன்னலைத் திறந்து விரலால் காட்டினாள். "இத எடுக்கச் சொல்லுறாங்கம்மா."

"எடுக்காட்டி?"

"அவன் செஞ்சது இதுல இருக்காது."

அம்மா திரையைப் பார்த்தபடி நின்றாள். கையில் கருவாட்டு உப்பு ஒட்டியிருந்தது, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எடு" என்றாள். காக்கா வந்துவிடும் என்று வெளியே போய்விட்டாள்.

ஓட்டம் முடிந்திருந்தது. பதிவின் தலையில் ஏழு வருடம் தள்ளிய தேதி இருந்தது. எல்லா டெஸ்ட்டும் பச்சை. எதிர்பார்த்தது 29. கிடைத்தது 29. ஆஸ்லின் கடிகாரத்தைப் பழையபடி வைத்தாள்.

அண்ணன் பெயரை எழுத்தெழுத்தாக அழித்துத் தன் பெயரை அடித்தாள்.

காரணம்தான் பாக்கி. மற்ற பேக்கேஜ்களில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தாள். அவரே கேட்டுக்கொண்டதால். தொடர்பில் இல்லாததால். ஒன்றில், காலமானதால். மூன்றையும் தட்டச்சு செய்து பார்த்து மூன்றையும் அழித்தாள். வெளியே அம்மா காக்காயை விரட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு வரியை எழுதி, மாற்றாமல், சதக்கத்துல்லாவுக்கு அனுப்பிவிட்டாள்.

அவன் உடனே கூப்பிட்டான். "இப்படி யாரும் எழுதுனதில்ல ஆஸ்லின்."

"விட மாட்டாங்களா?"

"கேட்டா, அதுல என்ன பொய் இருக்குன்னு நான் திருப்பிக் கேக்குறேன்." மூக்கை உறிஞ்சினான். "ஏத்துறேன்."

சாயங்காலத்துக்குள் ஏறிவிட்டது. மாற்றக் குறிப்பில் புதியது மேலே இருக்கும். பழையதை யாரும் அழிப்பதில்லை. அவள் தன் வரியைப் பார்த்தாள்.

டெஸ்ட்டின் தேதி நிறுத்தப்பட்டது. பராமரிப்பவர் மாற்றம்: ரெக்ஸ் கடலுக்குப் போயிருக்கிறார்.

அதற்கு நேர் கீழே, போன வருடம் பிப்ரவரியில் அவன் எழுதியது இருந்தது.

வயது 28 இப்போது 29. பிரியாணி இன்னும் வரவில்லை.