படிக்கட்டுக் கதவு

என் தம்பிக்குத் தசைச்சிதைவு நோய். தேய்ந்து தேய்ந்து இப்போது வலது கை விரல்கள் மட்டும்தான் அசைகின்றன. அவற்றால் பேட்டரி சக்கர நாற்காலியை ஓட்டுவான். வாயும் ஓடும், அது வேறு கதை. நான் வீட்டிலேயே துணி தைப்பவள். ஊசியில் நூல் கோக்கும் நேரம் பார்த்துத்தான் துரைக்குக் கையை நகர்த்தி வைக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் போச்சு, நேரே போய்ப் படிக்கட்டுக் கதவில் டமாலென்று இடிப்பான்.

"எருமை! காது செவிடா?"

"கதவு உன்னை என்னடா பண்ணிச்சு?"

அன்று இடித்த இடியில் தாழ்ப்பாளே பெயர்ந்து தொங்கியது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, பேட்டரி ஒயரைப் பிடுங்கி என் ஊசி டப்பாவில் போட்டு மூடினேன்.

"புத்தி வர்ற வரைக்கும் இப்படியே கிட."

புத்தி வந்தது. கத்தவில்லை, கை வலிக்கிறது என்று கூப்பிடவில்லை, ஊட்டியதை விழுங்கினான். அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்? நிம்மதியாக உட்கார்ந்து தைத்தேன்.

மருத்துவமனையில் டாக்டரம்மாவிடம் பெருமையாகவே சொன்னேன்.

"இப்பல்லாம் தங்கமா இருக்கான் டாக்டர். அடமே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பினார்.

"இந்த நோய் மனசையும் சேர்த்துத்தான் அரிக்கும் தம்பி. கோபம்கூட அதோட வேலையா இருக்கலாம். நேராவே கேக்கறேன். சாகணும்னு தோணுதா?"

"தோணி என்ன பண்றது? தாழ்ப்பாள் பேந்த அன்னிக்கே அக்கா ஒயரைப் புடுங்கிட்டாளே."

வீட்டில் வேறு சுவரா இல்லை, வேறு கதவா இல்லை? அந்த ஒன்றுக்குப் பின்னால்தான் படிகள் இறங்குகின்றன. அதைப் போய் அடம் என்று திட்டினேனே, மடச்சி!

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். மனநல மருத்துவரிடம் அன்றே காட்டினோம். கதவைப் பலமாகப் பூட்டுங்கள், நாற்காலியை அவரிடமே கொடுங்கள், தனியாக மட்டும் விடாதீர்கள் என்றார்கள்.

கதவுக்கு இரும்புக் கம்பி போட்டாயிற்று. ஆனாலும் ஒயரை டப்பாவிலிருந்து எடுப்பேன், திரும்பப் போட்டு மூடுவேன். கொடுத்தால் போய்விடுவானோ, கொடுக்காவிட்டால் இருந்த இடத்திலேயே செத்துப்போவானோ? கடைசியில் மாட்டினேன். மாட்டிவிட்டுப் போய் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

அவன் நேராக வந்தான். என் முழங்காலில் நல்ல அடி.

"நகரு, எருமை."

வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அவன் திட்டி எத்தனை நாளாயிற்று!

"நகர மாட்டேன்டா. இடி."

அவன் நாற்காலியைப் பின்னுக்கு எடுத்தான், வேகம் கூட்டிக்கொள்ள.