பெரியம்மாளின் இரண்டாவது படம்

பெரியம்மாளின் அக்கா மார்கழியில் இறந்தபோது, நைனார்பாளையம் பேருந்து நிறுத்தத்தில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். வேறு படம் இல்லை. அறுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, ஐந்து பிள்ளைகளைப் பெற்று, ஊரில் பாதிக் கழனிகளில் நாற்று நட்ட ஒருத்தி, யாரோ அதட்டி நிறுத்தியதைப் போல விழித்தபடி பதினாறு நாள் அங்கே தொங்கினாள். காரியம் முடிந்ததும் பேனரைக் கழற்றி ஆட்டுக் கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டினார்கள். பெரியம்மாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதன்பின் ஒரு நாள் களைக்கு வந்த இடத்தில் செந்தமிழ்ச்செல்வியிடம் அவள் ஒன்று கேட்டாள். செல்வி, தனசேகரனின் மனைவி. ஊருக்குக் கிழக்கே கிணற்றுப் பாசனத்தோடு ஆறு ஏக்கர் அவர்களுக்கு. நடவானாலும் களையானாலும் முப்பது ஆண்டுகளாகப் பதினொரு பெண்களைச் சேர்த்து அழைத்துவருபவள் பெரியம்மாள்.

"செல்விம்மா, ஐப்பசில ஒரு படம் எடுத்தீங்களே, அத அழிச்சிடாதீங்க. நான் போனா அதத்தான் பேனர்ல போடணும். பாரதிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

பாரதி அவளுடைய மருமகள். நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று செல்வி கடிந்துகொண்டாள். ஆனாலும் அன்று மாலையே அந்தப் படத்தைத் தேடி எடுத்துத் தனியாகச் சேமித்துவைத்தாள்.

அது மக்காச்சோளத்தில் களையெடுத்தபோது எடுத்த படம். பதினொரு மணிக்குத் தேநீர்த் தூக்கோடு வந்த செல்வி வாய்க்கால் வரப்பில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்தவள் தூக்கை மட்டும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதைப் பார்த்து, வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியம்மாள் சிரித்தாள். மேல்வரிசையில் இல்லாத இரண்டு பற்களின் இடைவெளி தெரிய, கண்கள் சுருக்கங்களுக்குள் காணாமல் போக, களைக்கொத்தை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். செல்வி எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் படமெடுத்தாள். அவள் எடுத்த படங்களிலேயே ஒழுங்காக அமைந்தது அது ஒன்றுதான்.

தனசேகரனுக்குக் கருத்துச் சொல்வது மதியச் சாப்பாட்டைப் போன்றது. தவறினால் உடம்பு கேட்காது. பகல் இரண்டு மணிக்கு மோட்டார் கொட்டகை நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, 'நைனார்பாளையம் சொந்தங்கள்' என்ற வாட்ஸப் குழுவில் பேசிப் பதிந்து அனுப்புவார். எந்தக் கூட்டணி தேறும், மழை ஏன் கல்வராயன் மலையோடு நின்றுவிடுகிறது, இளைஞர்கள் ஏன் காதுக்கு மேலே மழித்துக்கொள்கிறார்கள், அம்மியில் அரைத்த சட்னிக்கும் மிக்ஸியில் அரைத்ததற்கும் என்ன வேறுபாடு என எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முடிவு இருந்தது. குழுவில் நானூறு பேர். பாதிப்பேர் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்தார்கள். அவர்கள் கைதட்டும் படங்களை அனுப்பினால் அவருக்கு அந்த நாள் நிறைந்துவிடும்.

கெட்ட மனிதரல்லர். பெரியம்மாளின் கணவன் பழனியைக் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தபோது, தன் வண்டியில் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அவர்தான். பழனி பிழைத்தான்.

தேர்தல் நெருங்கிய சித்திரையில், இலவசங்கள் உழைப்பைக் கெடுத்துவிட்டன என்று அவர் மூன்று நாள் பேசினார். கைதட்டல் குறைவாகவே வந்தது. வெறும் குரலை யாரும் கேட்பதில்லை, படம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். தனசேகரன் மனைவியின் கைப்பேசியை எடுத்துத் துழாவினார். வேலை நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு பெண்ணின் படம் கிடைத்தது. 'பேருந்தும் இலவசம், அரிசியும் இலவசம், இனிக் களை எதற்கு?' என்று அதன்கீழே எழுதி அனுப்பினார். அது தேநீர் நேரம் என்பது அவருக்குத் தெரியும். எழுதும்போது அது நினைவில் வரவில்லை.

ஊர்க்காரனான தமிழழகன் பெங்களூரில் கணினி வேலையில் இருந்தான். அவன் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, மேலே 'அப்பறம் பாத்துக்கலாம்' என்ற சொற்களை வைத்து ஸ்டிக்கராக்கினான். ஒரே வாரத்தில் அது ஊரைவிட்டு வெளியேறியது. மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டவருக்கும், தேர்வுக்குப் படித்தாயா என்று கேட்ட தாய்க்கும், கல்யாணம் எப்போது என்று கேட்ட உறவினருக்கும் பெரியம்மாளின் முகமே பதிலாகப் போயிற்று. அனுப்பியவர்களில் ஒருவருக்கும் அவள்மேல் பகையில்லை. அந்த முகம் மிகவும் பிடித்திருக்கிறது என்றே பலரும் சொன்னார்கள்.

செல்வி அதை முதலில் பார்த்தது சங்கராபுரத்திலிருக்கும் தன் தங்கையிடமிருந்துதான். ஊருக்கு எப்போது வருகிறாய் என்று செல்வி கேட்டிருந்தாள். பதிலாக அந்த முகம் வந்து நின்றது. யாருடைய வேலை என்று விசாரித்தறிய வெகுநேரம் ஆகவில்லை. தனசேகரன், விளையாட்டுக்குச் செய்தது, நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றார். செல்வி அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. பெரியம்மாளிடமும் சொல்லவில்லை. அவளிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. அவளுக்குத் தெரியவராது என்று நம்பினாள்.

பெரியம்மாளின் மகள் தமிழ்மொழி வெள்ளிமலையில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். வைகாசியில் மகளைப் பார்க்கப் பெரியம்மாள் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைப் பேருந்தில் ஏறினாள். வளைவுகளில் பேருந்து முனகிக்கொண்டு ஏறும்போது, எதிர் இருக்கையிலிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் கைப்பேசியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி எழுந்து வந்து, மிகுந்த அன்போடு, "ஆயா, அந்த ஸ்டிக்கர்ல இருக்கிறது நீங்கதானே? ஒரு தடவ அதே மாதிரி சிரிங்களேன்" என்று கேட்டாள்.

பெரியம்மாள் வெள்ளிமலையில் ஓரிரவும் தங்கவில்லை. அடுத்த பேருந்திலேயே மலையிறங்கிவிட்டாள்.

அடுத்த நாள் காலை செல்வியின் வாசலில் வந்து நின்றாள். தனசேகரன் உள்ளே தொலைக்காட்சிமுன் உட்கார்ந்திருந்தார். செல்வி உட்காரச் சொன்னபோது பெரியம்மாள் உட்காரவில்லை, தேநீர் வேண்டாமென்றாள். என்னவோ இருக்கிறதாமே, காட்டுங்கள் என்று மட்டும் கேட்டாள். செல்வி கைப்பேசியைத் திறந்து அவள்முன் நீட்டினாள். பெரியம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இன்னா எழுதிக்கீது?"

செல்வி படித்துச் சொல்லவேண்டியிருந்தது. "அப்பறம் பாத்துக்கலாம்னு."

"எத?"

தனசேகரன் எழுந்து வெளியே வந்தார். மறைக்க அவர் முயலவில்லை.

"நான்தான் போட்டேன், பெரியம்மா. ஒன்ன சொல்லல. எலக்சன் நேரம், பொதுவா ஒரு கருத்து சொன்னது."

"பொதுவா சொல்றதுக்கு எம் மூஞ்சி இன்னாத்துக்குங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. தனசேகரன் தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"எங்க அக்காவ அந்தக் கோலத்துல தொங்கவிட்டாங்களேன்னுதான் நான் அந்தப் படத்தக் கேட்டேன். நாளிக்கு நான் செத்து, அதப் பேனர்ல போட்டா, எழவுக்கு வர்றவங்க அழுவாங்களா, சிரிப்பாங்களா? அத மட்டும் சொல்லுங்க, நான் போறேன்."

அவள் போய்விட்டாள்.

அன்று பகல் இரண்டு மணிக்குத் தனசேகரன் குழுவில் எழுதினார். குரலில் சொல்லாமல் எழுத்தில் எழுதினார். நான்கு முறை அழித்து அழித்து எழுதினார். அந்தப் படத்திலிருப்பவர் நம் ஊர்க்காரர், எனக்கு முப்பது ஆண்டுகளாகப் பழக்கமானவர், தவறு என்னுடையது, தயவுசெய்து அனைவரும் அந்த ஸ்டிக்கரை அழித்துவிடுங்கள் என்று முறையாக வேண்டிக்கொண்டார். பிறகு தமிழழகனிடமிருந்து பதில் வந்தது. பெரியம்மாளின் முகம், மேலே அதே சொற்கள். அதைத் தொடர்ந்து திருப்பூரிலிருந்து ஒன்று, துபாயிலிருந்து ஒன்று, பக்கத்துத் தெருவிலிருந்து ஒன்று. அன்று மாலைக்குள் முப்பத்தொரு முகங்கள் அவருக்குப் பதில் சொல்லியிருந்தன. தனசேகரன் கைப்பேசியைக் கட்டிலில் கவிழ்த்துவைத்தார். அதைப் பற்றி அவர் ஒரு கருத்தும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நிலக்கடலைக்குக் களை வெட்டவேண்டியிருந்தது. வரமாட்டார்கள் என்று செல்வி நினைத்தாள். பெரியம்மாள் பதினொரு பேரோடு சரியான நேரத்துக்கு வந்தாள். தேநீர் வேளையில் பெண்கள் வரப்பில் உட்காராமல் நின்றபடி குடித்தார்கள். கைப்பேசியோடு யாராவது பாதையில் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களில் இளையவள் ஏதோ வேடிக்கையாகச் சொன்னபோது பெரியம்மாளின் கை தலைப்போடு வாய்க்குப் போனதைச் செல்வி பார்த்தாள். முப்பது ஆண்டுகளில் அந்தப் பழக்கம் அவளிடம் இருந்ததில்லை.

வேலை முடிந்து மற்றவர்கள் முன்னே நடந்தபின், வேறொரு படம் எடுத்துத் தரட்டுமா என்று செல்வி கேட்டாள்.

"போன்ல வேணாங்க," என்றாள் பெரியம்மாள். "போன்ல எடுத்தா அது எங்க சுத்திக்கினு இருக்குதுன்னு உங்களுக்கே தெரியாது."

ஆகவே இருவரும் சின்னசேலத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். பெரியம்மாள் மகன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்கு நிறப் புடவையைக் கட்டி, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். நீலத் திரைக்குமுன் முக்காலியில் உட்கார்ந்து, கைகளை முழங்காலின்மேல் வைத்துக்கொண்டாள். கேமராக்காரர் அவளைச் சற்று அதிக நேரம் பார்த்ததாகச் செல்விக்குத் தோன்றியது. எங்கோ பார்த்த முகம் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று அஞ்சினாள்.

"கொஞ்சம் சிரிச்சாப்ல இருங்கம்மா," என்றார்.

பெரியம்மாள் அசையவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். செல்வி குறுக்கிட்டு, வேண்டாம், இருக்கிறபடியே எடுங்கள் என்றாள்.

ஒரே ஒரு பிரதிதான் போடச் சொன்னார்கள். அது கைக்கு வந்தபின், கணினியிலிருந்து படத்தை அழித்துவிட வேண்டும் என்று பெரியம்மாள் கேட்டுக்கொண்டாள். கேமராக்காரர் வியந்தார், பின்னால் பெரிதாக்க வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்றார். அப்போது வீட்டில் இருப்பவர்கள் இதையே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றாள் பெரியம்மாள். அவர் திரையை அவள் பக்கம் திருப்பி, அவள் கண்முன்னேயே அழித்துக் காட்டினார்.

திரும்பும் பேருந்தில் பெரியம்மாள் உறையைப் பிரித்து ஒருமுறை பார்த்தாள். படத்திலிருந்த பெண் வாயை இறுக மூடியிருந்தாள். மிரட்சியில்லை, அக்காவின் பார்வை அதில் இல்லை. ஆனால் ஊரில் எவரும் பார்த்தறியாத ஒருத்தி அவள்.

"யாரோ மாதிரிதான் இருக்கா," என்றாள் பெரியம்மாள். "பரவால்ல. இவளப் பாத்து யாரும் சிரிக்கமாட்டாங்க."

செல்வி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வீட்டில் பாரதியின் குழந்தைகள் கைபட்டுக் கசங்கிவிடும், நான் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கட்டுமா என்று கேட்டாள்.

பெரியம்மாள் உறையை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு சுற்றுச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"வேணாங்க. எங்கிட்டயே இருக்கட்டும்."

நைனார்பாளையம் நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். வேறு யாருக்கோ ஒரு புதிய பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாள் நின்று, அதிலிருந்த முகத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டு, தன் தெருப் பக்கம் நடந்தாள்.