பங்குக் கிணறும் விம்பிள்டன் உயர்பீடமும்

புளியங்கொல்லை அபிவிருத்திச் சங்கத்தின் லண்டன் கிளை, 2003 வைகாசியில், யாழ்ப்பாணத்திலுள்ள தன் ஊரின் தண்ணீரை ஆளத் தீர்மானித்தது. இந்தக் கிளைக்கு மரம் எது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

விம்பிள்டனில் வாடகை மண்டபம். 'வறள்வலய விவசாய நீர் ஆளுகை உயர்பீடம்' என்ற பதாகைக்கு மேடை போதாமல் 'பீடம்' சுவரோரம் மடங்கிக் கிடந்தது. தலைவர் குகதாசன், இரண்டு பெட்ரோல் நிலையங்களின் அதிபர், திட்டத்தை விளக்கினார்: ஊரின் பெரிய தோட்டக் கிணற்றில் ராட்சத மோட்டர், இரவு பகலாக இறைப்பு, பக்கத்தில் தன் தகப்பனார் பெயரில் தண்ணீர்த் தாங்கி. சபைக்குக் களை சேர்க்க அழைக்கப்பட்ட சிங்கப்பூர்ப் பொறியியலாளர் மெய்யப்பன் தலையாட்டினார்.

பாலாம்பிகை எழுந்தாள். லண்டனின் மிட்சம் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவள். பங்குகாரர் நாள்முறை வைத்து இறைக்கும் அந்தக் கிணற்றில் அவளுக்கும் ஒரு பங்கு. அவளுடைய முறைநாளில் ஊரிலிருக்கும் தம்பி வெங்காயத்துக்கு இறைக்கிறான்.

"இரவு பகலா இறைச்சா கிணறு உவராகிப் போகும். பிறகு தம்பி எதை நம்பிப் பயிர் வைக்கிறது? நான் சம்மதிக்கேல்லை."

"தங்கச்சி, இது ஜனநாயகம். கையைத் தூக்குவம்."

மண்டபமே தூக்கியது. சாப்பாடு வந்துவிட்டதென்று நினைத்துப் பின்வரிசை இரண்டு கையையும் தூக்கியது.

"பங்கில்லாத ஆக்கள் இறக்குங்கோ. கிணத்தில புதுசா ஒண்டு பூட்ட எல்லாப் பங்குகாரரும் ஓம் எண்டோணும். அதுதானே ஊர் வழமை?"

கைகள் இறங்கின. தலைவருடையது மட்டும் நின்றது.

"அண்ணை, நீங்களுமோ?"

"எனக்கு அரைப்பங்கு இருக்கு!"

"அதைத்தானே உங்கட தங்கச்சிக்குச் சீதனமாக் குடுத்தனியள். கலியாணத்தில நானும் சாப்பிட்டனான்."

தலைவரின் கை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யப் போனது.

"அப்படின்னா, சார், உங்களுக்கு அங்க சொட்டுத் தண்ணிகூட கிடையாதா?" என்றார் மெய்யப்பன், உண்மையான அக்கறையுடன்.

"உரிமை முக்கியமில்லை, உணர்வுதான் முக்கியம்!" தலைவர் ஒலிவாங்கியை இறுகப் பிடித்தார். "தனி ஒராள் ஊரின்ர முன்னேற்றத்தை மறிக்க ஏலாது. மோட்டர் கப்பலில ஏறியாச்சு."

பாலாம்பிகை அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"மோட்டரோட ஆர் வந்தாலும் அக்கா ஓம் சொல்லேல்லை எண்டு சொல்லு. எங்கட முறைக்கு நீ வழமை போல இறை. ஓமடா, தலைவருக்கு முன்னாலதான் நிக்கிறன்."

தலைவரிடம் போனை நீட்டினாள். "கதைக்கிறியளோ?"

அவர் வாங்கவில்லை. "கப்பல் வெளிக்கிட்டிட்டுது, தங்கச்சி."

"போகட்டும். நான் பிளேனில போறன். ஆர் முதல்ல கிணத்தடிக்குப் போறதெண்டு பாப்பம்."