ஸுமைரா துப்பிய குளிசை

ஸுமைராவின் கவுணில் தீப்பிடித்தது ஊருக்கே தெரியும். மாமா வீட்டு வலீமா விருந்துக்குப் பின்வளவில் விறகடுப்பு மூட்டிச் சோறாக்கியபோது, லேஸ் வைத்த புதுக் கவுணோடு அடுப்போரம் ஓடித் திரிந்தவளை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். தள்ளிப் போ என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பிறகு திராட்சைப் பையும் பிஸ்கட் பெட்டியுமாக நோய் விசாரிக்க வந்து, பெற்றவள் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று புத்தி சொன்னவர்களும் அவர்களேதான்.

தாய் அனீஸா அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பிள்ளை மாதக்கணக்கில் வார்டில் கிடந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்து நெஞ்சிலும் வயிற்றிலும் ஒட்டினார்கள். ஒருவழியாகப் பிலிமத்தலாவை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது புண் ஆறியிருந்தது. நெஞ்சு மட்டும் அடங்கவில்லை. சும்மா படுத்துக் கிடக்கும்போதும் இப்போதுதான் மேடேறி வந்தவள்போல அவளுக்கு மூச்சு வாங்கியது.

கண்டியில் கிளினிக் பார்க்கும் டொக்டர் சஞ்சீவனி யாழ்ப்பாணத்துக்காரி. அவசரப்படாமல் விளக்கினார்.

"பெரிய நெருப்புக் காயம் பட்ட பிள்ளைகளுக்கு இப்பிடி வரும் அம்மா. காயம் ஆறினாலும் உடம்பு அந்தப் பதட்டத்திலயே நிக்கும். இருதயம் ஓயாமல் ஓடும். வருசக்கணக்கிலயும் இருக்கலாம். அப்பிடியே விட்டா இருதயம் களைச்சுப் போகும். அந்த ஓட்டத்தைக் குறைக்கத்தான் இந்தக் குளிசை. நீங்களா நிப்பாட்டக் கூடாது. இது பரம்பரை வருத்தம் இல்லை, பயப்பிடாதேங்கோ."

அனீஸாவுக்கு எல்லாம் விளங்கியது. அவள் ஒன்றும் படிக்காதவள் இல்லை. ஆனால் ஊரில் வீடு வீடாகப் போய் இதை விளக்குவதற்கு டொக்டர் வருவாரா?

பக்கத்து வீட்டு நஸீரா மாமி சீனி கேட்டு வந்த பகல், குளிசை அட்டை குசினி மேசையில் கிடந்தது. மாமிக்கு எழுத்துப் பார்க்கத்தான் கண்ணாடி வேண்டும். அடுத்த வீட்டுச் சங்கதி பார்க்க வேண்டியதில்லை.

"இது எங்கட ஹாஜியார் குடிக்கிற ஹார்ட் குளிசயெல்லா? ஒங்கட புள்ளக்கிம் ஹார்ட்டா அனீஸா?"

"இல்ல மாமி. இது அவங்கட வாப்பாட பிரஷர் குளிசை."

பொய் தடங்கலில்லாமல் வந்தது. அந்தக் கிழமைதான் மூத்தவள் இல்மாவைப் பார்க்கக் கம்பளையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் வந்துவிட்டுப் போயிருந்தார். நல்ல இடம். கலியாணப் பேச்சைக் கொண்டுவந்தது அனீஸாவின் கணவர் பாயிஸுக்கு மூத்தவளான அவர் ராத்தா அஸீமா. மாப்பிள்ளையின் தாய் ஸுமைராவின் தழும்பைப் பார்த்து, "பாவம், விபத்துத்தானே," என்றார். இருதயம் என்று காதில் விழுந்திருந்தால் அப்படிச் சொல்வாரா? குடும்பத்தில் நோய் ஓடுகிறது என்பார். நாளைக்கு இல்மா பெறும் பிள்ளைக்கும் வரும் என்பார். அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் இந்த வாசற்படி ஏறாது.

அட்டையை அலுமாரிக்குள், உடுப்புகளுக்கு அடியில் வைத்தாள். முதலில் ஒளித்து வைக்கத்தான் நினைத்தாள், நிறுத்த அல்ல. ஆனால் காலையில் கொடுக்கப் போனால் வீட்டில் ஆள் இருந்தது, மாலையில் விருந்து இருந்தது. பிறகு, பிள்ளை இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள் என்று தனக்கே ஒரு சமாதானமும் கிடைத்தது. மனிதருக்கு வேண்டிய சமாதானம் எப்படியும் கிடைத்துவிடும். "டொக்டர் போதுமெண்டு சொல்லிட்டாங்க," என்று ஸுமைராவிடம் சொன்னாள். ஸுமைரா தலையாட்டினாள். கடையிலிருந்து வந்ததும் பாயிஸ் கேட்பார், "குளிசை குடுத்தியா?" அனீஸா குடுத்தேன் என்பாள்.

கிளினிக் நாள் வந்தது. பாயிஸுக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. தையல் துணி வாங்கக் கண்டிக்குப் போகவிருந்த அஸீமா தானும் வருவதாகக் கிளம்பிவிட்டாள். "தோல் கிளினிக்தானே, நேரம் போகாது," என்று அனீஸாவே சொல்லிவைத்திருந்தாள். பஸ் ஏறிய நேரம் முதல் அஸீமா கலியாணச் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறும்போது ஸுமைரா இடையில் நின்றுவிட்டாள். சப்பாத்து இறுக்கம் என்றாள்.

டொக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் குழலை வைத்தார். முகம் மாறியது.

"வீட்டில குளிசை ஒழுங்காக் குடுக்கிறனீங்களோ?"

அஸீமா பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"ஓ டொக்டர்," என்றாள் அனீஸா.

"ஒரு நேரமும் தவறாமலோ?"

"தவறாம."

"அப்ப இந்த அளவு காணாது. கூட்டித்தான் பாக்க வேணும். இருதயத்தையும் ஸ்கேன் பண்ணுவம். மருந்து குடுத்தும் இவ்வளவு வேகமெண்டால், எனக்கு அது பிடிக்கேல்லை."

அஸீமா நிமிர்ந்தாள். "இருதயமா? தோல் கிளினிக்கெண்டுதானே சொன்ன அனீஸா?"

டொக்டர் பேனாவை எடுத்துவிட்டார். கொடுக்காத மருந்து வேலை செய்யவில்லை என்று மருந்து கூடப்போகிறது. அந்த மருந்து போகப்போவது இந்தச் சின்ன உடம்புக்குள். வாயைத் திறந்தால் இல்மாவின் பேச்சு இந்த அறையிலேயே முறிந்துவிடும். அவள் டொக்டரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டொக்டர்," என்றாள் ஸுமைரா. "உம்மா தார. நான்தான் துப்புற."

"ஏன் பிள்ளை, கசக்குதோ?"

"ஓ. உம்மா அங்கால போனதும் ஜன்னலால துப்பிடுவேன்."

"இந்த வயசில என்ன கள்ளத்தனம்!" என்று அஸீமா பிள்ளையின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். ஸுமைரா குனிந்து அந்தத் தட்டை வாங்கிக்கொண்டாள். தாயின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்தத் தட்டுத்தான் அனீஸாவுக்குத் தாங்கவில்லை. வெட்கம் காலிலிருந்து தலைவரை ஏறியது. ஏழு வயதுப் பிள்ளை தன்னைக் கள்ளியாக்கிக்கொண்டு தாயைக் காப்பாற்ற, தாய் வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தாள்.

"புள்ள துப்பல்ல டொக்டர். நான் குடுக்கல்ல."

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். திட்டுவார் என்று அனீஸா காத்திருந்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எப்பயிலிருந்து?"

பதில் ஸுமைராவிடமிருந்து வந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அவளே முடிவு செய்துவிட்டாள் போலும்.

"ராத்தாவப் பாக்க மாப்புளட உம்மா வந்த கிழமயிலீந்து. எனக்கு ஹார்ட் எண்டா ராத்தாவ எடுக்க மாட்டாங்கதானே. அதால நானும் கேக்கல்ல."

"நெஞ்சு கூட அடிக்கிறது உமக்குத் தெரியேல்லையோ?"

"தெரியும். படுக்கக்கொள்ள தலாணிய நெஞ்சில வெச்சி அமத்திப் புடிப்பேன். பக்கத்தில படுக்கிற ராத்தாக்குக் கேட்டிடுமே."

அஸீமா தட்டிய கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே வாங்கில் வரிசையாக இருந்தவர்கள் பேச்சை விட்டு உள்ளே பார்த்தார்கள். அனீஸா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தம் போட்டே அழுதாள்.

ஸுமைரா கதிரையை விட்டு இறங்கி வந்தாள். தழும்பேறிய விரல்களால் தாயின் கைகளை முகத்திலிருந்து விலக்கப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே காதருகில் சொன்னாள்:

"அழ வாணாம் உம்மா. ஆக்கள் பாக்குறாங்க."