ஊட்டி பஸ்ஸில் வகுத்தல்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்த பாடங்கள் எல்லாம் அவர்கள் தலையிலிருந்து இறங்கி ஊட்டிக்குப் போய்விடும். ஜூன் மாதம் சில திரும்பி வரும். குளிர் பழகிப்போனவை அங்கேயே தங்கிவிடும். அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை, உடுமலை வெயில் அப்படி.

என் மகள் கனிஷ்கா நான்காம் வகுப்பு முடித்திருந்தாள். ஏப்ரல் கடைசியில் அவளுடைய பாடங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தமிழ்நாட்டு மாவட்டங்கள் முப்பத்தெட்டும் ஒரே வேனில் போயின. வகுத்தல் மட்டும் வாசலில் பையை வைத்துவிட்டுத் தயங்கி நின்றது. அது உயரமாக, நடு வகிடு எடுத்து, அதிகம் பேசாமல் இருக்கும். மார்ச் மாதம்தான் அவளுக்கு வந்திருந்தது. அதற்காக அவள் அழுத அழுகை எனக்குத் தெரியும். அது போய்த் திரும்பாவிட்டால் ஐந்தாம் வகுப்பில் முதல் நாளே தலைகுனிந்து நிற்பாள்.

என் மனைவி பூங்கொடி அதற்கு மோர் கொடுத்து உட்காரச் சொன்னாள். பிறகு என்னைத் தனியாக அழைத்தாள்.

"போரடிச்சாத்தானுங்க அதுக போகும். வெளையாட்டுக் காட்டிட்டே இருந்தா இருந்துக்கும்."

அப்படியே செய்தோம். கனிஷ்கா தெருப் பிள்ளைகளைக் கூட்டி நுங்கு பங்கிட்டாள். சீட்டுக்கட்டை நான்கு பேருக்குப் போட்டாள். முறுக்கை உடைத்து ஆளுக்குச் சமமாகக் கொடுத்தாள். வகுத்தல் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தது. மூன்று வாரம் அதன் பை கதவுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது.

கெடுத்தது நான்தான். பிள்ளை சந்தோஷமாக விளையாடுகிறாள் என்றால் எங்கள் ஊரில் எந்தத் தகப்பனுக்கும் இருப்புக் கொள்ளாது. கடைவீதிக்குப் போய் ஐந்தாம் வகுப்புக் கணக்கு கைடு வாங்கி வந்து, தினம் நாற்பது கணக்கு என்று அவளை உட்கார வைத்தேன். பதினோராவது கணக்கில் கனிஷ்கா கொட்டாவி விட்டாள். வகுத்தல் எழுந்து, பையைத் தட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. பூங்கொடி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

மூவரும் பஸ் நிலையத்துக்கு ஓடினோம். ஊட்டி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வகுத்தல் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. நான் வெளியே நின்று மன்னிப்புக் கேட்டேன். அது எதிரே இருந்த இளநீர்க் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கனிஷ்கா பஸ்ஸில் ஏறினாள். கெஞ்சவெல்லாம் இல்லை. வகுத்தலை விட்டுவிட்டு மற்ற ஆட்களை எண்ணினாள்.

"நாப்பத்தி ஏழு பேரு. எல்லாரும் எந்திரிங்க. சீட்டுக்கு மூணு மூணு பேரா உக்காரோணும்."

அவர்கள் எழுந்தார்கள். "வெரசா ஆகட்டும் கண்ணு, டைம் ஆச்சு," என்றார் கண்டக்டர்.

நான்காவது சீட் நிறைந்தபோது வகுத்தல் திரும்பிப் பார்த்தது. ஒன்பதாவது சீட்டுக்கு ஆள் உட்காரும்போது எழுந்து வந்து கை காட்ட ஆரம்பித்தது. பதினைந்தாவது சீட்டும் நிறைந்தபோது இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பாத்திர வியாபாரி. மற்றவர் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போகிறவர்.

"மீதி ரெண்டு," என்றாள் கனிஷ்கா.

வகுத்தலுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அங்கேயே அவள் தலைக்குள் போய்விட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கணக்குப் போட்டவங்க மீதியைக் கூட்டிட்டுப் போயிருங்க," என்று சொல்லிக் கண்டக்டர் விசில் கொடுத்தார். இருவரும் எங்களுடன் இறங்கி நடந்தார்கள். பூங்கொடி ரசத்தில் தண்ணீர் சேர்த்தாள்.

பள்ளி திறந்த அன்று வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மறைந்து நின்றேன். டீச்சர் கனிஷ்காவை எழுப்பி, நாற்பத்தேழை மூன்றால் வகுக்கச் சொன்னார்.

"பதினஞ்சு, மீதி ரெண்டு மிஸ்."

"மீதி எங்கே?"

"வீட்டுல மிஸ். ஒருத்தரு வெங்காயம் அரியறாரு. இன்னொருத்தரு தூங்கறாரு."

டீச்சர் தலையசைத்து அடுத்த கணக்கைக் கொடுத்தார். ஐம்பத்தொன்பதை எட்டால் வகுக்க வேண்டும். ஏழு, மீதி மூன்று என்று பட்டென்று சொன்னாள். என் பிள்ளை தலை நிமிர்ந்து நின்றாள். எனக்கு அது போதும்.

நான் வீடு திரும்பியபோது வாசலில் முன்பின் பார்க்காத மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன. உள்ளே போகாமல் அப்படியே திரும்பி, பாய் வாங்கக் கடைவீதிக்குப் போனேன்.