பால் மட்டும் பாக்கி

முதலில் ஊசியைத்தான் எடுத்தாள் லூர்தம்மாள். அழுகையெல்லாம் அப்புறம்.

ஜேசுராஜ் ஜன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். விடிந்து வெகு நேரமாகியும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மடியில், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. இடது கை விரல்களுக்கு நடுவே ஊசி. அந்த விரல்கள் விட மறுத்தன. "குடுய்யா, ஆளுங்க வந்துருவாங்க" என்று கெஞ்சி, ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஊசியை உருவி முந்தானையில் குத்திக்கொண்டாள். சட்டத்தைக் கொண்டுபோய்த் தன் கட்டிலில், தன் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகுதான் வாசலுக்கு ஓடி, பாரிவாக்கம் முழுவதற்கும் கேட்கும்படி கத்தினாள்.

ஊரைப் பொறுத்தவரை அந்தத் தையல் லூர்தம்மாளுடையது. உண்மையில், அவள் வாழ்நாளில் ஒரே ஒரு சட்டைப் பித்தான் தைத்திருக்கிறாள். அதிலும் பையின் வாயைச் சேர்த்துத் தைத்துவிட்டதால், ஜேசுராஜ் அந்தச் சட்டையைப் போட்ட வரைக்கும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு போனார்.

அவர் முப்பத்திரண்டு வருஷம் பட்டாளத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் தையலைச் சோதிக்கும் அதிகாரி. ஓய்வு பெற்று, நெஞ்சைப் பிளந்து ஆபரேஷனும் ஆனபிறகு, கோபம் வராத வேலை ஏதாவது உட்கார்ந்தபடி செய்யுங்கள் என்றார் டாக்டர். அப்படிப் பிடித்த வேலை இது. பெரிய பெரிய ஓவியர்கள் வரைந்த படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கொரு குறி போட்டுத் தாளில் தருகிறார்கள். பூந்தமல்லி ஜெராக்ஸ் கடையில் அதை இருபத்திரண்டு பக்கமாக எடுத்து ஒட்டிக்கொள்வார். குறிக்கொரு நிற நூல். துணியில் ஓட்டை ஓட்டையாக எண்ணி, சின்னச் சின்னப் பெருக்கல் குறியாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஓர் ஓட்டை தவறினால் போச்சு. முதல் படத்தில் ஒரு ராஜகுமாரிக்கு மூக்கு கன்னத்தில் முளைத்துவிட்டது. நான்கு மாத வேலையை ஒரே மத்தியானத்தில் பிரித்துப் போட்டார்.

அதன்பிறகு தையல் அவருக்கு, எண்ணிக்கையை நினைவில் வைப்பது அவளுக்கு என்று ஆயிற்று. "எத்தினி?" என்பார் ஜன்னலோரத்திலிருந்து. "பதினேழு" என்பாள் கருவாடு அலசிக்கொண்டே. ஒருநாள் காய்கறி வண்டிக்காரனோடு அரை மணி நேரம் சண்டை போட்டு, அவன் வம்சத்தையே கேள்வி கேட்டு முடித்து உள்ளே வந்தவள், அவர் கேட்பதற்கு முன்பே "நாப்பத்தொண்ணு" என்றாள்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், கூட வேலை பார்த்த கஜபதி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஜேசுராஜ் சட்டத்தைத் தூக்கி அவள் மடியில் எறிந்தார். "இவளுக்குப் பொழுது போவணும்ல, அதான்" என்றார். அவ்வளவுதான். கஜபதி ஊரெல்லாம் சொன்னார். அந்தப் படத்தைக் கோயில் திருவிழாக் கண்காட்சியில் வைத்தார்கள். லூர்தம்மாளுக்கு ஒரு சில்வர் குடம் பரிசு வந்தது. அன்று இரவே மாதா படத்துக்கு முன்னால் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் ஜேசுராஜ். "நான் செத்தாலும் கஜபதிக்குத் தெரியக் கூடாது. ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டே கொன்னுடுவானுங்க."

இப்போது கஜபதி, ஜேசுராஜைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ லாரியோட பேண்ட்டு அனுப்ச்சிட்டாங்க. ஒரே ஒரு பித்தான் ஓட்ட கோணலு. இவன் இன்னா பண்ணான்? லாரியயே திருப்பி வரவெச்சான். பார்டர்ல ரெண்டு நாளு பட்டாளமே வேட்டி கட்டிகினு நின்னுச்சாம். எதிரிக்காரன் இன்னாடா திருவிழான்னு துப்பாக்கிய கீழ வெச்சிட்டானாம்."

யாரோ சிரித்து, பெட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்குத் திருவேற்காட்டிலிருந்து ஜேசுராஜின் தங்கை எவாஞ்சலின் வந்தாள். அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு, ஆக வேண்டியதைக் கேட்டாள். செத்தவருக்கு மனைவியின் பிறந்த வீட்டார் கோடித்துணி போட வேண்டும். லூர்தம்மாளுக்குப் பிறந்த வீடென்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

"கடைத்துணி எதுக்கு அண்ணி? உங்க கையால போட்ட படம் இருக்கே, அதான் கோடி. பால் மட்டும்தான் பாக்கின்னு போன வாரம் போன்ல சொன்னீங்களே. முடிச்சிருங்க. குறைத்துணிய மேல போடக் கூடாது. நாலு மணிக்கு சாமியார் வந்துருவாரு."

பெருமைக்காக போனில் சொன்னது லூர்தம்மாளேதான்.

உள்ளே போய்ச் சட்டத்தை எவாஞ்சலினே எடுத்து வந்தாள். மஞ்சள் ரவிக்கையும் நீல முந்தியுமாக ஒரு வெள்ளைக்கார வேலைக்காரி, ஜன்னலோரம் நின்று குடத்திலிருந்து பாத்திரத்தில் பால் ஊற்றுகிறாள். ஹாலந்து நாட்டில் யாரோ எந்தக் காலத்திலோ வரைந்தது. படத்தில் குடத்தைப் பார்த்த கோயில் பங்குப் பெண்கள், அவள் கிணற்றடியில் ஆண்டவருக்குத் தண்ணீர் கொடுத்த சமாரியப் பெண்தான் என்று தீர்மானித்து வெகு நாளாயிற்று. ஆண்டவர் எங்கே என்று கேட்டதற்கு, சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்றார்கள். மூன்று வருஷ வேலை. நாற்பத்துநாலாயிரத்துச் சொச்சம் தையல். குடத்தின் வாயிலிருந்து விழும் பால்தாரை மட்டும் வெறுந்துணியாக இருந்தது. முப்பத்துநான்கு ஓட்டைகள்.

லூர்தம்மாள் ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள் படுத்திருந்தவரைப் பார்த்தாள். தான் தொட்டால் துணி கெட்டுப்போகும். தொடாவிட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சத்தியம் பெரிதா, அவருடைய மூன்று வருஷம் பெரிதா என்று அவளுக்குத் தெரியவில்லை. துணியைக் கெடுக்க மனம் வரவில்லை.

"இது நான் போட்டது இல்ல" என்றாள்.

"என்ன அண்ணி?"

"ஒரு தையல்கூட நான் போடல. எல்லாம் அவரு போட்டது. எட்டு வருஷமா அவருதான்."

எல்லோரும் கஜபதியைப் பார்த்தார்கள். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"பாவம், தங்கச்சிக்கு மூள கலங்கிகீது. ஜேசுவாவது, ஊசி நூலாவது! அவனுக்குத் தையலப் பிரிக்கத்தான் தெரியும். யாராச்சும் சோடா வாங்கியாந்து குடுங்கப்பா."

"அவருக்கே எல்லாப் பேரும் போவணும்னு நெனைக்குறாங்க பாரு, புண்ணியவதி" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள். சோடா வந்தது. லூர்தம்மாள் அதைக் குடித்தாள். வேறென்ன செய்வது?

பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, முந்தானையிலிருந்து ஊசியை எடுத்தாள். இரண்டு முறை கோத்து, இரண்டு முறை நூல் உருவிக்கொண்டது. ஒரு பெருக்கல் குறி போட்டாள். ஏதோ சரியில்லை. என்னவென்று தெரியவில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் கெங்கம்மாள். அதே தொழிற்சாலையில் தையல்காரியாக இருந்தவள். ஜேசுராஜ் இடது கையால் குறி போட்டுத் திருப்பியனுப்பிய உருப்படிகளைப் பிரித்துப் பிரித்தே அவளுக்குக் கண் மங்கிற்று. சட்டத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்து முதலில் பின்பக்கம்தான் திருப்பிப் பார்த்தாள். ஒரு முடிச்சு இல்லை. அப்புறம் முன்பக்கம். அத்தனை ஆயிரம் பெருக்கல் குறியிலும் மேல் நூல் இடப்பக்கமே சாய்ந்திருந்தது. லூர்தம்மாள் போட்ட ஒன்று மட்டும் வலப்பக்கம். கெங்கம்மாள் நிமிர்ந்து, பெட்டிக்குள் ஜெபமாலை சுற்றி வைத்திருந்த கைகளைப் பார்த்தாள். அதிலும் இடது கையை.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"யக்கா, மேல் நூலு இந்தாண்ட சாயணும். சாரோட தையலு எல்லாம் அப்டித்தான் கீது."

லூர்தம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். கெங்கம்மாள் அந்த ஒன்றை நகத்தால் பிரித்துவிட்டு ஊசியை நீட்டினாள்.

"போடு. நா வழி சொல்றேன். எண்ணிக்கை மட்டும் நீ பாத்துக்க."

"அது நான் பாத்துக்குவேன்" என்றாள் லூர்தம்மாள்.

முப்பத்துநான்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பால்தாரை கொஞ்சம் கோணல்தான். ஊற்றுகிறவளுக்குக் கை நடுங்கினாற்போல இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. சட்டத்திலிருந்து கழற்றி, சுருக்கம் நீவி, எவாஞ்சலின் அதை அண்ணனின் மார்பில் போட்டாள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். கஜபதி குனிந்து, ஒரு குழந்தையின் தலையைத் தடவுவதுபோலத் துணியைத் தடவிவிட்டு லூர்தம்மாளைப் பார்த்தார்.

"தங்கச்சி கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

சவப்பெட்டிக்கு மாற்றி மூடியை முடுக்கினார்கள். நால்வர் தூக்கினார்கள். இடது முன்பக்கம் கஜபதி. கெங்கம்மாள் லூர்தம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

கஜபதியின் கருநீலச் சட்டையில், பெட்டி அழுத்திய தோளுக்குக் கீழே, பால் தைத்ததில் மிஞ்சிய இரண்டங்குல வெள்ளை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடச் சொல்ல லூர்தம்மாள் வாயெடுத்தாள். பிறகு சொல்லவில்லை. தெருமுனையில் லாரி ஒன்றுக்காக ஒதுங்கி நின்றுவிட்டு, அவர் பெட்டியைச் சுமந்தபடி அதோடேயே முனை திரும்பிப் போனார்.