இரவல் சோபாவும் வரிச் சலுகையும்

அழகுமுத்துவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து ஒன்றரை வருடமாகிறது. "தோட்டத்துல நம்ம செஞ்ச ஸ்ட்ரைக் ஒண்ணாச்சும் உருப்படியா ஜெயிச்சுச்சா? இதுங்க மட்டும் ஜெயிச்சிருச்சுங்க பாருங்க" என்று ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் அவனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். வாராவாரம் இரத்தம் சுத்திகரிக்க நுவரெலியா போய் வருகிறவனால் மரக்கறி லொறி ஓட்ட முடியுமா? லொறி நின்றது. கூடவே வீட்டுக்குக் கட்டுகிற ஆதன வரியும் நின்றது.

பிரதேச சபை நிற்கவில்லை. வாசலில் செத்துப்போன தெருவிளக்குக்குப் பல்ப் மாட்ட ஆளில்லாத சபைக்கு, நோட்டீஸ் கொடுக்க மட்டும் மோட்டார் சைக்கிளோடு ஆள் இருந்தது. வரி கட்டாவிட்டால் வீட்டுச் சாமானைத் தூக்கிப் போவார்களாம். அந்த வீட்டில் தூக்குவதற்கு லாயக்கான சாமான் ஒன்றுதான்: மனைவி பூரணியின் தையல் மெஷின். அடுப்பு எரிவதே அதன் புண்ணியத்தில்.

நாட்பட்ட நோயாளிக்கு வரியில் சலுகை உண்டு என்று யாரோ சொல்ல, பூரணி சபைக்கு நடையாய் நடந்தாள். கடைசியில், அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்த்து எழுதுவார் என்றார்கள்.

வினை அங்கேதான் பிடித்தது. புருஷனும் பெண்சாதியும் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர்கள். தோட்டத்துத் துரை வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கிழிந்த துணியை ஒளித்து வைத்துப் பழகிய பரம்பரை. டவுனில் சொந்தமாய் ஒரு வீடு வாங்கிய பிறகும் அந்தப் புத்தி விடவில்லை.

"ஆப்பிசரு இந்தக் கால் ஒடஞ்ச கதிரையிலயா உக்காருவாரு?" என்றாள் பூரணி.

பக்கத்து வீட்டு ஸுஹைர் நானா ஜவுளிக்கடைக்காரர். அவர் வீட்டு சோபா, கண்ணாடி மேசை, கம்பளம், பூப்போட்ட கோப்பைகள் எல்லாம் அதிகாரி வருகிற அன்று காலையிலேயே வந்து இறங்கின. அழகுமுத்துவுக்குக் கல்யாணக் கோட்டு.

"ஏம்புள்ள, நாம சலுகை கேக்குறோமா, பொண்ணு கேக்குறோமா?" என்று கிண்டலடித்த அதே மனுஷன், அவள் திரும்பியதும் கன்னத்தில் கொஞ்சம் பவுடரும் போட்டுக்கொண்டான்.

அதிகாரி விஜிதரன் வந்தார். சோபா அவரை இடுப்புவரை விழுங்கியது. கம்பளத்தைப் பார்த்தார், பூரணி மேசையில் வைத்த கேக்கைப் பார்த்தார்.

"வசதியாத்தான் இருக்கீங்க."

"எல்லாம் உங்க தயவுல சார்" என்றான் அழகுமுத்து. அந்த நாக்கைப் பிடுங்கி எறிந்தால் என்ன என்று உடனே தோன்றியது.

"நோயாளி எங்க?"

"நாந்தாங்க சார்."

"நீங்களா? மாப்பிள்ள மாதிரியில்ல இருக்கீங்க! இந்த மாதிரி சோபா என் வீட்டுலகூட இல்லீங்க. சலுகை குடுங்கன்னு நான் எப்படி எழுதுறது?" விஜிதரன் பேனா மூடியைக் கழற்றினார்.

சுடச்சுடத் தேநீரை அவரிடம் நீட்டிய பூரணியின் கண், அறை மூலையிலிருந்த மெஷினுக்கு ஓடியது. சிறுநீரகம் போன கதையைப் பஸ் நிறைய ஆட்களிடம் சொன்ன வாய்க்கு, சோபா இரவல் என்று ஒரு வார்த்தை சொல்லத் துணிவில்லை. மானஸ்தன்!

அந்த நேரம் பார்த்து ஸுஹைர் நானா மூச்சிரைக்க உள்ளே வந்தார். பின்னால் கடைப் பையன்கள் இருவர்.

"முத்து, மோசம் போனேன்! மகளப் பாக்க நாளைக்கு வாரோமுன்னு சொன்ன மாப்புள வூட்டு ஆளுங்க இப்பவே வாராங்களாம். சோபாவ எடுக்கணும்!"

"நானா, சார் உக்காந்திருக்காரு..."

"சார், கோவிச்சுக்காம கொஞ்சம் எந்திரிங்க."

விஜிதரன் எழுந்தார். சோபா போனது. மேசை போனது. "இந்தக் கால, சார்... அந்தக் கால" என்று அவர் சப்பாத்துக்கு அடியிலிருந்து கம்பளமும் சுருண்டு போனது. வெடித்த சிமெந்துத் தரையின் நடுவில், கையில் கோப்பையோடு அவர் மட்டும் மிஞ்சினார்.

"கோட்டு மட்டும் என்னோடதுதாங்க சார்" என்றான் அழகுமுத்து. "கல்யாணத்தப்ப பட்டன் போட முடியாது. இப்ப உள்ளுக்கு இன்னொரு ஆளக் குடிவைக்கலாம்."

அதைக் கழற்றினான். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கை வெளியே வந்தது. விஜிதரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால் ஒடிந்த கதிரையைத் தேடி எடுத்து, சுவரோடு சாய்த்து உட்கார்ந்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"வீடு தேடி வாரவங்களுக்கு ஒரு மரியாத வேணாமா சார்?"

"ஒங்க மரியாத இன்னும் அஞ்சு நிமிஷம் நீடிச்சிருந்தா மெஷின் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "தள்ளுபடிக்கு எழுதுறேன். முடிவு வார வரைக்கும் சாமான்ல யாரும் கை வைக்க மாட்டாங்க."

பூரணி மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

வாசலில் மறுபடியும் ஸுஹைர் நானாவின் தலை தெரிந்தது. "முத்து... அந்தக் கோப்பை..."

விஜிதரன் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். நாக்கு சுட்டிருக்க வேண்டும்; காட்டிக்கொள்ளவில்லை.

"புள்ள," என்றான் அழகுமுத்து, "சாருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊத்து. நம்ம டம்ளர்ல."